தங்கை மகன் எந்தக் கட்டத்தில்?

படாளம் கூட்டு ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், பட்டா நகல், கரண்ட் பில், வேலைக்கு விண்ணப்பம் என்று எல்லாமும் செய்து கொடுக்கிறேன். வருகிறவர்கள் யாரும் கம்ப்யூட்டர் பக்கம் வர மாட்டார்கள். "ஜாய்ஸக்கா, நீயே போட்டுடு" என்று கார்டைத் தூக்கி மேஜை மேல் போட்டுவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

திருவேங்கடம் அண்ணன் அப்படியில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் வருவார். என்னை என் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்துகொள்வார். இரண்டே விரலால் தட்டித் தட்டித் தன் வருமான வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்வார். நான் பின்னால் நிற்கலாம், மவுஸைத் தொடக் கூடாது. மணிக்கு நாற்பது ரூபாய் கொடுப்பார், கொடுத்ததற்கு ரசீது கேட்பார். என் கடைக்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்ததே அவர் ஒருவருக்காகத்தான். அவர் கட்ட வேண்டிய வரி எந்த வருஷமும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஒன்றரை மணி நேரம் சரிபார்ப்பார்.

செங்கல்பட்டில் பஸ் பணிமனையின் ஸ்டோரில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டுகூட அந்த ஸ்டோரை விட்டு வெளியே போனதில்லையாம். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோப்பு உறையைப் பிரித்தால் அதன் மேல் தேதி எழுதிவைக்கிற மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவர் மனைவி சரோஜா அக்கா என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை. தங்கமான மனுஷன்தான், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார முடியாது.

போன வருஷம் ஆவணியில் அவர்கள் வீட்டு போர் வற்றிப்போனது. சரோஜா அக்கா முழங்கால் வலியோடு தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தார். புது போர் போட ஒண்ணே முக்கால் லட்சம், மோட்டாரோடு இரண்டு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் கையில் அவ்வளவு இல்லை. அப்போதுதான் மணி வந்தான். மணி அண்ணனின் தங்கை மகன். ஐ.டி.ஐ. படித்த மூன்று வருஷமும் மாமன் வீட்டில்தான் தங்கிப் படித்தான். இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. அந்த வருஷம்தான் அவனை பர்மனென்ட் ஆக்கி, பழைய பாக்கியெல்லாம் சேர்த்து ஒரு தொகை போட்டிருந்தார்கள்.

"மாமா, ரெண்டு லட்சம் அனுப்புறேன். போரப் போடுங்க. கடன் இல்ல, திருப்பியும் தர வேணாம். மூணு வருஷம் அந்த வூட்டுத் தண்ணியிலதான் குளிச்சிகினு இருந்தேன்" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பார்கள். அண்ணனும் கொஞ்சம் கலங்கினார். பிறகு, "இரு. அனுப்பாத. இத எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் ஸ்டோர்காரன் சரக்கை உள்ளே வாங்க மாட்டான் என்பது அவருடைய சட்டம்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வந்து என்னை எழுப்பினார். சொந்தக்காரர் கொடுக்கிற அன்பளிப்புக்கு வரி கிடையாது என்று ஊருக்கே தெரியும். யார் யார் சொந்தக்காரர் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணன் அதை நாலு தடவை படித்தார். பெண்டாட்டி. கூடப்பிறந்தவர்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவர்கள். அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள். மேலே தாத்தா பாட்டி, கீழே பிள்ளை பேரன். இவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். அவ்வளவுதான். தங்கை மகன் அதில் இல்லை.

"இன்னாமா இது? நான் மணிக்குக் குடுத்தா நான் அவனுக்குச் சொந்தம். அவங்க அம்மாவோட அண்ணன், பட்டியல்ல கீது. அவன் எனக்குக் குடுத்தா அவன் எனக்குச் சொந்தம் இல்லியா? கதவு ஒரு பக்கம்தான் தொறக்குமா?"

"அப்பிடித்தான் போட்டுகிறாங்க."

"அவனுக்குக் காது குத்துறப்ப மடியில வெச்சிகினு உக்காந்தவன் நானு!"

நான் என்ன செய்வேன்? சட்டத்தை எழுதியவருக்குத் தாய்மாமன் இருந்திருக்க மாட்டான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மணியின் பணத்தைச் சொந்தமில்லாதவன் கொடுத்ததாக எழுதினாலும் அண்ணனுக்கு ஒரு பைசா வரி வராது. பென்ஷனையும் இந்த இரண்டு லட்சத்தையும் கூட்டினால்கூட வரி ஆரம்பிக்கிற எல்லைக்குப் பாதி தூரம்தான் வரும். அது எனக்கும் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் 'இதர வருமானம்' என்ற கட்டத்தில், பேங்க் வட்டிக்குப் பக்கத்தில், லாட்டரிக்காரனோடு சேர்த்து மணியை எழுத வேண்டும். இவன் எனக்கு உறவில்லை என்று தன் கையால் தட்ட வேண்டும். அது அவரால் முடியவில்லை. அதைத் தட்டாதவரை பணம் வராது, பணம் வராதவரை போர் இல்லை, போர் இல்லாதவரை சரோஜா அக்காவுக்குக் குடம்தான்.

சரோஜா அக்காவும் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாணத்துக்கு யாரு குடுத்தாலும் வரி இல்லன்னு போட்டுகிதாமே? நாமதான் அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கவே இல்லியே, இப்ப பண்ணிக்கினா?"

"அது கல்யாணம் இல்ல சரோஜா. மறு ஒளிபரப்பு."

"சரி, நமக்கு ஒரு பொண்ணு இருந்து மணிக்குக் கட்டி வெச்சிருந்தா?"

அண்ணன் பட்டியலை மறுபடியும் பார்த்தார். "பொண்ணக் கட்டுனவன் சொந்தம்தான்."

"இனிமே பெத்து வளக்க முடியாது. போரப் போடுங்க" என்றார் சரோஜா அக்கா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லிச் சிரிக்கிற தைரியம் அந்த அக்காவுக்கு உண்டு. எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

கடைசியில் அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பட்டியலில் உள்ளவர்களை வரிசையாக எழுதி, இல்லாதவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தார். அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்கள். சரோஜா அக்கா ஒரே பெண். சரோஜா அக்காவை விட்டால் ரத்த சொந்தத்தில் அந்தத் தாளில் அடிபடாமல் நின்றது ஒரே பெயர். தங்கை விஜயகுமாரி, மணியின் அம்மா. மகன் அம்மாவுக்குக் கொடுக்கலாம், வரியில்லை. தங்கை அண்ணனுக்குக் கொடுக்கலாம், வரியில்லை. வழி பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததும் அண்ணன் முகம் தொங்கிப்போனது. அந்த விஜயகுமாரி அவரோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சண்டையில் எனக்கும் பங்கு இருக்கிறது. விஜயகுமாரியின் மகள் துர்காவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் நாற்பத்தொரு தட்டு. அண்ணன் கடன்படாமல், குறைவைக்காமல், பட்டுப்புடவையிலிருந்து பனங்கற்கண்டு வரை அடுக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு தட்டிலும் ஒட்டுவதற்கு ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண் போட்ட சீட்டு என்னிடம் அச்சடித்து வாங்கினார். நானும் ஏதோ அழகுக்கு என்று நினைத்து அடித்துக் கொடுத்தேன். மேளத்தோடு மண்டபத்துக்குள் போனதும், சம்பந்தி ஜனம் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தைத் தங்கையிடம் நீட்டி, "சரி பாத்துக் கையெழுத்துப் போடு விஜயா" என்றிருக்கிறார்.

"இன்னாடி, உங்க அண்ணன் சீர் கொண்டாந்தாரா, பார்சல் கொண்டாந்தாரா?" என்று விஜயகுமாரியின் மாமியார் கேட்க, மண்டபமே சிரித்தது. விஜயகுமாரி கையெழுத்துப் போட்டார். அண்ணன் ஒரு நகலைக் கிழித்துத் தங்கை கையிலேயே கொடுத்துவிட்டு, இருபத்தேழாம் எண் தட்டைக் காணோம் என்று பந்தி நடக்கிற இடத்தில் போய்த் தேடிக்கொண்டிருந்தார். அன்றோடு பேச்சு நின்றது. கேட்டால், "கையெழுத்து வாங்கறது இன்னா தப்பு? நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா யாரு பொறுப்பு?" என்பார். நல்ல மனுஷனுக்குப் புத்தி எந்த இடத்தில் மழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது மறுபடியும் அதே தங்கையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அன்பளிப்பு என்றால் கொடுப்பவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது என்று எங்கோ படித்துவிட்டார். இனி அவரை யார் நிறுத்துவது? மாதிரிக் கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து, தமிழில் என்னையே அடிக்க வைத்தார். மணி அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினான். எப்படி வாங்கினான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

"ஜாய்ஸக்கா, நீங்களும் வாங்க. வேத்து மனுஷங்க இருந்தா எங்க அம்மா சத்தம் போடாது" என்றான். சீட்டு அடித்துக் கொடுத்த பாவத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நானும் கிளம்பினேன்.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்கு இரண்டு தெரு தள்ளி விஜயகுமாரியின் வீடு. முன்னறையே மளிகைக் கடை. வீட்டுக்காரர் ட்யூட்டிக்குப் போயிருந்தார். விஜயகுமாரி எங்களைப் பார்த்ததும், "வா அண்ணி, வாம்மா" என்று சரோஜா அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்ணன் தானாகப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணி, அவரு காபி குடிப்பாரா, இல்ல அதுக்கும் எதுனா எழுதித் தரணுமான்னு கேளுங்க."

"சர்க்கர கம்மியா" என்று அண்ணன் சுவரிடம் சொன்னார்.

காபி வந்தது. சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. அவர் முழுசும் குடித்தார். நான் கடிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். "சதுரங்கப்பட்டினத்தில் வசிக்கும் விஜயகுமாரி ஆகிய நான், என் உடன்பிறந்த அண்ணன் திருவேங்கடத்தின் மீது கொண்ட இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும்..."

"நிறுத்துமா. இன்னா பாசம்?"

"மாதிரியிலயே அப்பிடித்தான் கீதுக்கா."

"எடுத்துடு அத."

"எடுக்க முடியாதுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு மணி. அது இல்லன்னா கிஃப்ட்டுனு ஆவாது, கடன்னு கேப்பாங்க" என்றார் அண்ணன்.

விஜயகுமாரி யோசித்தார். "சரி, அன்பு இருக்கட்டும். பாசத்த மட்டும் எடு."

"ரெண்டும் வேணும்னு சொல்லு மணி."

மணி நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தான். விஜயகுமாரி அலுத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "எதுனா எழுதிக்கங்க. பாவம், அறுபதாயிரம் வரி கட்டச் சொன்னா வயசான காலத்துல எங்க போவாரு? அதுக்குத்தான் போடறேன்னு சொல்லுங்க அண்ணி."

மணி சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எவராக இருந்தாலும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை வாங்கியிருப்பார்கள். திருவேங்கடம் அண்ணனால் தப்புக் கணக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"எவன் சொன்னான் அறுபதாயிரம்னு? ஒரு பைசா கிடையாது" என்றார், நேராகத் தங்கையைப் பார்த்து.

விஜயகுமாரி பேனாவைக் கீழே வைத்தார். மகனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு சாண் குறைந்துபோனான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வரியே இல்லியா? மணிகிட்ட நேரா வாங்கிக்கினாலும் இல்லியா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்த?"

ஆறு வருஷத்தில் அவர் அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைத் தாளை எடுத்துப் பிரித்தார்.

"நேரா வாங்கினா மணி எனக்குச் சொந்தம் இல்லன்னு எழுதணும் விஜயா. அது எனக்குக் கை வரல. யாரு யாரு சொந்தம்னு கவர்மென்ட்டு போட்ட பட்டியல எழுதிப் பாத்தேன். நம்ம அப்பா இல்ல, அம்மா இல்ல, எனக்குப் புள்ள இல்ல. எல்லாரையும் அடிச்சிட்டேன். சரோஜாவ வுட்டா நீ ஒருத்திதான் மிச்சம்."

விஜயகுமாரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அன்னிக்கு சபையில, சரக்கு எறக்குன கடைக்காரிக்கு நீட்டுற மாதிரி நீட்டுன" என்றார். "தங்கச்சின்னு உனக்குத் தோணல."

"தப்புதான்" என்றார் அண்ணன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. சரோஜா அக்காவும் கேட்டதில்லை என்பது அவர் திரும்பிப் பார்த்த வேகத்திலேயே தெரிந்தது.

விஜயகுமாரி கையெழுத்துப் போட்டார், அன்பு பாசம் எதையும் அடிக்காமல். ஆனால் அதற்கு மேல் பேசவில்லை. கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போனவர், நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கும் வரவில்லை. வாடகைக் காரில் திரும்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அண்ணன், "கையெழுத்து கெடச்சிது. அவ கெடைக்கல" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் கிறுக்குப் பிடித்த மனுஷனுக்காக அன்றைக்கு நான் ஜெபம் செய்தேன்.

மணி அம்மாவுக்குப் பணம் அனுப்பினான். நாலாம் நாள் மத்தியானம் அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடிவந்தார். போனில் பேங்க் செய்தி. முகத்தில் ரத்தமே இல்லை.

"பேஜாராப் போச்சுமா. லெட்டர்ல ரெண்டு லட்சம். பேங்க்ல ரெண்டு லட்சத்து ஒண்ணு!"

"ஒரு ரூபாதானே ணா?"

"ஒரு ரூபாவா? ஒரு வாஷர் கூட வந்தாலும் ஏன் கூட வந்துதுன்னு எழுதணும்மா!"

பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் தங்கையின் நம்பரை அழுத்திவிட்டார். ஆறு வருஷமாக அழுத்தாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டதும் அவருக்குத் தெரியாது.

"விஜயா, ஒரு ரூபா கூட வந்துகிது."

"தெரியும்."

"தப்பா அமுத்திட்டியா?"

"ஒண்ணும் தப்பா அமுத்தல" என்றது மறுமுனை. "ரெண்டு லட்சம் மணி டப்பு. அது என் வழியா உனக்கு வந்துது, அவ்ளோதான். வெறும் ரெண்டு லட்சம்னு அனுப்பினா நான் குடுத்தது எதுவுமே இல்ல. அந்த ஒரு ரூபாவ நம்ம கடக் கல்லாவுலருந்து நான் போட்டேன். அதுதான் நான் உனக்குக் குடுத்தது."

அண்ணன் பதில் சொல்ல வேண்டும், ஆனால் அவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதானே.

"லெட்டர மாத்தணுமே விஜயா. மறுபடியும் கையெழுத்து வேணும்."

"வேணும்னு தெரிஞ்சுதான் போட்டேன். ஞாயித்துக்கிழம அண்ணிய இட்டுகினு வா. சங்கரா மீன் வாங்கி வெக்கிறேன்."

அண்ணன் அழுதார். கடையில் இரண்டு பேர் ஆதார் திருத்தத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே அழுதார். நான் விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். அடுத்த மாதம் போர் போட்டார்கள், இருநூற்றுப் பத்து அடியில் தண்ணீர் வந்தது. சரோஜா அக்கா குடத்தைப் பரணில் ஏற்றினார்.

இந்த ஜூலையில் வழக்கம்போல் வந்து என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். வரியில்லாத வருமானம் எழுதுகிற கட்டத்தைத் திறந்து, விவரம் என்ற இடத்தில் தங்கை கொடுத்த அன்பளிப்பு என்று இங்கிலீஷில் தட்டினார். தொகைக்கு நேராக இரண்டு போட்டு, நாலு பூஜ்யம் போட்டு, கடைசியில் ஒன்று போட்டார்.

"அந்த ஒரு ரூபாய வுட்டுட்டு ரெண்டு லட்சம்னே போடுங்க ணா, யாரு கேக்கப் போறாங்க?" என்றேன், வேண்டுமென்றே.

அவர் திரும்பி என்னை முறைத்தார்.

"வுடணும்னா அந்த ரெண்டு லட்சத்த வேணா வுடறேன்" என்றார்.